சீது அசையாமல் இருக்கும்போது

1912 பிப்ரவரி 6, செவ்வாய்

கல்கத்தாக் குளிர் விட்டுவிட்டது. வடாம் பிழியலாம் வா என்று காமு கூப்பிட்டாள். போய் உட்கார்ந்தேன். மாவு கிளறினதும் பிழிந்ததும் நான்தான். ஆனால் உப்பு போட்டேனா என்று இப்போது கேட்டால் தெரியாது.

காமுவின் பெண் விஜயமும் என் சீதுவும் ஒரே ஆவணியில் பிறந்தவர்கள். ஒரே மாடி, நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று. இன்றைக்கு விஜயம் அவள் அம்மா கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டது. நானும் ஒரு கரண்டியை எடுத்துச் சீதுவின் முகத்துக்கு நேரே நீட்டினேன். தெரிந்தேதான் நீட்டினேன். ஆஸ்பத்திரிக்குப் போய்வந்து ஒரு வாரமாகிறது. இன்னும் நீட்டிப் பார்க்கிறேன்.

டாக்டர் அவன் கண்ணுக்கு முன்னால் விளக்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினார். பிறகு இவரிடம் இங்கிலீஷில் சொன்னார். டிராமில் திரும்பி வரும்போது இவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே எனக்குத் தமிழில் சொன்னார்: "பிறவியிலேயே பார்வை இல்லியாம். நரம்பு வளரலயாம். வைத்தியம் கிடையாதாம்."

நான் சரி என்றேன்.

பிப்ரவரி 9

தளிகை. துணி. குழந்தைக்கு எண்ணெய். எழுத ஒன்றுமில்லை.

பிப்ரவரி 15

இவர் அவனை எடுப்பதில்லை. முன்னே ஆபீஸிலிருந்து வந்து கால் அலம்பினதும் தூளிப் பக்கம் போய் நின்று, விரலைச் சொடுக்கி, "சீதாராமா, இங்கே பார்" என்பார். இப்போது நேரே ஊஞ்சலுக்குப் போய்விடுகிறார். இங்கே பார் என்று சொல்ல முடியாதே. வேறு என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை போலிருக்கிறது.

எனக்கு மட்டும் தெரியுமா? நான் எண்ணெய் தேய்க்கிறேன், பால் கொடுக்கிறேன், தூளியை ஆட்டுகிறேன். கை செய்கிறது. நான் எங்கேயோ இருக்கிறேன்.

பிப்ரவரி 27

கீழே குடியிருக்கும் வீட்டுக்காரி வந்தாள். அண்ணி என்கிற அர்த்தத்தில் பௌதி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். வங்காளிகள் எல்லோரையும் போலத் தலைப்பு நுனியில் சாவிக்கொத்தை முடிந்து தோளுக்குப் பின்னால் போட்டிருப்பாள். சீது கையைக் காலை ஆட்டாமல் சாதுவாகப் படுத்திருப்பதைப் பார்த்து, "லொக்கி சேலே" என்று கன்னத்தைக் கிள்ளினாள். சமர்த்துப் பிள்ளை என்று அர்த்தம். அவளுக்கு இன்னும் நாங்கள் சொல்லவில்லை.

சமர்த்துதான். அழக்கூட அழுவதில்லை. வெறும் கூரையைப் பார்த்தபடி கிடக்கிறான் என்று எழுத வந்தேன். பார்த்தபடி என்ன, பார்த்தபடி.

மார்ச் 8

காளிகாட் பக்கம் போன காமு ஒரு கிலுகிலுப்பை வாங்கிவந்தாள், ஓலையால் பின்னினது. "கண்ணு இல்லேன்னா என்னடி, காது இருக்கே" என்றாள். அவன் தலைமாட்டில் ஆட்டினோம்.

கொஞ்சம் அசைந்துகொண்டிருந்தவன் அப்படியே நின்றுபோனான். கை, கால், எல்லாம். சிரிப்பில்லை, திரும்பினதில்லை. ஆட்டுவதை நிறுத்தினதும் மறுபடி லேசாகக் காலை உதறினான்.

காமு கிலுகிலுப்பையைக் கீழே வைத்துவிட்டாள். "பொம்மையாட்டம் கெடக்கானேடி" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு, உடனே என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு வருத்தமாக இல்லை. என் பிள்ளை என்னைப் போலவே இருக்கிறான் என்று மட்டும் தோன்றியது.

மார்ச் 28, வியாழன்

இவர் இன்று ஸிம்லாவுக்குப் புறப்பட்டார். வருஷாவருஷம் வெயில் காலத்தில் ஆபீஸ் ஸிம்லாவுக்குப் போகும், குளிரில் கல்கத்தாவுக்கு வரும். இந்த வருஷம் திரும்பி வராது. ராஜதானியை டில்லிக்கு மாற்றியாகிவிட்டதே, ஆபீஸும் மலையிலிருந்து நேரே டில்லிக்கு இறங்கும். பூஜா லீவில் வந்து எங்களை அழைத்துப்போவதாகச் சொன்னார்.

எங்களை என்று சொன்னதும் சற்று நிறுத்தினார்.

"குழந்தையை ஸ்ரீரங்கத்துல அம்மாகிட்ட விட்டுடலாமான்னு யோசிக்கறேன். புது ஊரு. குளிரு வேற. நீ ஒண்டியா எப்படிச் சமாளிப்பே?"

"சரி" என்றேன்.

வண்டி தெருக்கோடி திரும்புகிறவரை மாடியில் நின்றேன். எல்லோரும் நிற்பார்களே, அதனால். எதற்குச் சரி என்று சொன்னேன் என்று உள்ளே வந்த பிறகுதான் யோசித்தேன். யோசித்தும் ஒன்றும் ஆகவில்லை.

ஏப்ரல் 19

சொல்ல முடியாத வெக்கை. வெட்டிவேர்த் தட்டியை நனைத்துக் கட்டியிருக்கிறேன். சீதுவுக்கு வேர்க்குரு. பித்தளை அண்டாவில் இரண்டு விரற்கடைத் தண்ணீர் விட்டு, ஒரு கையால் முதுகைத் தாங்கிக்கொண்டு அவனை அதில் உட்கார்த்தி வைத்தேன். காமு வாசற்படியில் உட்கார்ந்து, அவள் நாத்தனார் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் நடுநடுவே "அப்புறம்?" "அப்படியா?" என்று கேட்டேன்.

எதேச்சையாகக் குனிந்தபோதுதான் பார்த்தேன். நான் "அப்புறம்" என்றதும் தண்ணீருக்குள் அவன் கால் விரல்கள் விரிந்தன. நான் சும்மா இருந்தேன். காமு பேசினாள், விரல்கள் மூடியிருந்தன. "அப்படியா" என்றேன். விரிந்தன. பத்தும்.

முகத்தைப் பார்த்தேன். முகம் கல். வாய் கோணவில்லை, கன்னம் அசையவில்லை.

காமுவைப் பேசாதே என்று கையமர்த்திவிட்டு, "சீது" என்றேன். விரிந்தன. "சீது, சீதுக்குட்டி." தண்ணீர் தெறித்தது.

இத்தனை மாதமாக நான் முகத்தில் தேடிக்கொண்டிருந்தேன். இவன் காலில் வைத்திருக்கிறான்.

ஏப்ரல் 20

அப்படியானால் அன்றைக்கு, கிலுகிலுப்பைக்கு—

அவன் பொம்மையாட்டம் கிடக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தான். நாம் ஏதாவது சின்னச் சத்தத்தைக் கேட்கவேண்டுமென்றால் மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கமாட்டோமா? அதுதான். கார்டன் ரீச் பக்கம் கப்பல் ஊதினாலும் அப்படித்தான் நின்றுபோகிறான், டிராம் மணிக்கும் அப்படித்தான்.

காமுவிடம் சொன்னேன். அவள் அழுதாள். நான் எப்போதும்போல இருந்தேன்.

ஏப்ரல் 30

விளையாட்டுச் சாமான் என்று கடையில் விற்பதெல்லாம் கண்ணுக்காகச் செய்தது. சிவப்புக் குதிரை, பச்சைக் கிளி. இவனுக்கு அதெல்லாம் மழமழவென்று ஒரே மரம்.

அதனால் சமையலறையே கடை. இன்று பூரிக்குப் பிசைந்த மாவில் ஓர் உருண்டை கொடுத்தேன். விரலை உள்ளே அமுக்கினான். எடுத்தான், மறுபடி அமுக்கினான். மாவு உலர்ந்து இறுகுகிறவரை அதே வேலை. அடுத்தது தேங்காய் நார் கொடுத்தேன், பிடிக்கவில்லை. கையை இழுத்துக்கொண்டு மார்போடு மூடிக்கொண்டான். மூடிய கையை நான் பிரிக்கவில்லை. என் கல்யாணக் கூரைப்புடவையின் ஜரிகையில் கையை வைத்தால் நகத்தால் கீறிக் கீறிக் கேட்கிறான். கர், கர்.

இதெல்லாம் செய்யும்போது எனக்குச் சந்தோஷம் என்று சொல்ல முடியாது. நேரம் போகிறது.

மே 14

எழுதியே ஆகவேண்டும்.

டப்பாவில் புளியங்கொட்டை போட்டுக் கொடுத்திருந்தேன். குலுக்குவான், கேட்பான். சாதம் வடிக்க நான் திரும்பினேன். சத்தம் நின்றுபோனது. கேட்கிறான் என்றுதான் நினைத்தேன்! அசையாமல் இருந்தால் கேட்கிறான் என்று நானே கண்டுபிடித்தேனே, அதனால். ஏதோ ஒன்று என்னைத் திரும்ப வைத்தது. மூடி திறந்து கிடக்கிறது. வாய் திறந்திருக்கிறது, சத்தம் வரவில்லை. முகம் நீலம்.

தூக்கித் தொடைமேல் குப்புறப் போட்டு, தலையைத் தாழ்த்தி, முதுகில் அறைந்தேன். மறுபடி. மறுபடி. கொட்டை தரையில் விழுந்து உருண்டது. அப்புறம்தான் அவன் அழுதான். அவ்வளவு பெரிய அழுகையை அவனிடம் கேட்டதே இல்லை. கீழேயிருந்து பௌதி ஓடிவந்துவிட்டாள். "கீ ஹோலோ? கீ ஹோலோ?" என்ன ஆயிற்று என்று என்னைப் பிடித்து உலுக்கினாள்.

குழந்தையை அவளிடம் கொடுத்தேன். அடுப்பிலிருந்து உலையை இறக்கினேன். பயப்படவேண்டும் என்று தெரிகிறது, பயம் வரவில்லை. அதுதான் என்னவோபோல் இருக்கிறது. இவன் போயிருந்தாலும் நான் இப்படித்தான் உலையை இறக்கியிருப்பேனா?

மே 15

கொட்டை, மணி, பயறு, வாய்க்குள் போகிற எதுவும் இனி இந்த வீட்டில் குழந்தை கைக்கு வராது. கெட்டித் துணியில் இரட்டைத் தையல் போட்டுப் பைகள் தைத்தேன். ஒன்றில் வெட்டிவேர், ஒன்றில் அரிசி, ஒன்றில் சுக்கு. தையலை நானே பல்லால் இழுத்துப் பார்த்தேன். அவன் கையில் ஏதாவது இருக்கும்போது முதுகைக் காட்டுவதில்லை. சாதம் குழைந்தால் குழையட்டும்.

பௌதிக்கு நேற்றே கண் விஷயம் எல்லாம் சொல்லிவிட்டேன். அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். இன்று மத்தியானம் மேலே வந்து சீதுவை மடியில் போட்டுக்கொண்டு விசிறினாள். விசிறிக் காற்று முகத்தில் பட்டால் வாயைத் திறக்கிறான், காற்றைக் குடிக்கிறவன் மாதிரி.

ஜூன் 23, ஞாயிறு

மழை பிடித்துக்கொண்டது. தாழ்வாரத்தில் அவனை உட்கார்த்தி, கையை வெளியே நீட்டவைத்தேன். முதல் சொட்டு விழுந்ததும் கையை இழுத்துக்கொண்டான். பிறகு, என் கை பிடித்திராமலே, தானே நீட்டினான்.

இவரிடமிருந்து கார்டு. ஸிம்லாவில் குளிராம். குழந்தை சௌக்கியமா என்று ஒரு வரி. மழையில் கை நீட்டினதை எழுதலாமா என்று பார்த்தேன். சௌக்கியம் என்று எழுதினேன்.

ஜூலை 17

விஜயம் தவழ்கிறது. தாழ்வாரம் முழுக்க அதன் ராஜ்யம். சீது உட்கார வைத்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறான். கையிலிருப்பது நழுவினால் போயிற்று, தேடமாட்டான். விழுந்த பொருள் உலகத்திலேயே இல்லாமல் போய்விடுகிறது அவனுக்கு.

காமு இப்போதெல்லாம் விஜயத்தை இந்தப் பக்கம் கொண்டுவரத் தயங்குகிறாள். ஒப்பிட்டுப் பார்த்து எனக்கு மனசு கஷ்டப்படுமாம். "கொண்டுவாடி, அது இழைகிற சத்தம் அவனுக்கு வேண்டியிருக்கு" என்றேன். கொண்டுவந்தாள்.

ஆவணியில் ஆண்டு நிறைவு. இவர் இல்லாமல் என்ன ஹோமம். பாயசம் மட்டும் வைத்தால் போதும்.

செப்டம்பர் 5, வியாழன்

பௌதி படியேறி வந்தாள். சாவிக்கொத்துச் சத்தம் கேட்டதும் சீது வழக்கம்போல நின்றுபோனான். அவள் அவனுக்கு எதிரே உட்கார்ந்து குழம்புக்கு என்ன போடுவாய் என்று என்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள். தோளை அசைத்தபோது சாவிகள் மறுபடி குலுங்கின.

அவன் கை எழுந்தது. சத்தம் வந்த பக்கமாக. காற்றில் விரல்கள் மூடிக்கொண்டன, ஒன்றும் அகப்படவில்லை. மறுபடி திறந்தான். இன்னும் கொஞ்சம் முன்னால் சாய்ந்தான்.

பௌதி பேச்சை நிறுத்திவிட்டாள். "ஆட்டுங்கள்" என்றேன். தமிழில்தான் சொன்னேன், அவளுக்குப் புரிந்தது. ஆட்டினாள். அவன் பிடித்துவிட்டான். கொத்தாக.

தொடாத ஒன்று அங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

செப்டம்பர் 6

இன்றும் பிடித்தான்.

அக்டோபர் 2

சாதம் போடும் அன்னவெட்டியைத் தரையில் தட்டிக்கொண்டு நான் பின்னால் பின்னால் நகர்ந்தேன். வயிற்றால் இழைந்து வந்தான். என்னிடம் வந்து சேர்ந்ததும் அன்னவெட்டியைப் பிடுங்கித் தரையில் தட்டினான், கதவில் தட்டினான், என் முழங்காலில் தட்டினான். ஒவ்வொன்றாகத் தட்டி, நின்று, கேட்டு. முழங்கால் வலிக்கிறது.

அக்டோபர் 18, வெள்ளி

இவர் நேற்று வந்தார். தெருவில் பூஜா மேளம். வந்தவருக்குக் காப்பி கொடுத்தேன். இளைத்திருக்கிறார். டிக்கெட் விவரம், டில்லியில் பார்த்திருக்கும் வீடு, எல்லாம் சொன்னார். "அம்மாவுக்கு எழுதியாச்சு. நீ முதல்ல ஸ்ரீரங்கம் போய் அவனை விட்டுட்டு—"

"அவனை விட்டுட்டு நான் வரலே" என்றேன். "நீங்க போங்கோ."

"கோவமாச் சொல்றயா?"

"இல்லே. நேக்குக் கோவமே வரலே. சும்மாத்தான் சொல்றேன்."

அவர் இங்கிலீஷ் பேப்பரைப் பிரித்துக்கொண்டு பாயில் உட்கார்ந்துவிட்டார். நான் காய் நறுக்கப் போனேன்.

பேப்பர் சலசலத்தது. அறைக்கோடியிலிருந்த சீது தலையைச் சாய்த்தான். இழைய ஆரம்பித்தான். இவர் பார்க்கவில்லை, பேப்பர் மறைத்துக்கொண்டிருந்தது. நான் கூப்பிடவில்லை. வந்தான். கைக்குக் கிடைத்த மூலையைப் பிடித்து ஒரே இழுப்பு. பாதிப் பக்கம் அவன் கையோடு போயிற்று.

இவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். சீது அதைக் கசக்கினான், கேட்டான், இன்னொரு மூலையைத் தேடினான். இவர் பேப்பரை மெதுவாக அவன் பக்கம் தாழ்த்தினார். கிழித்தான். அடுத்த பக்கத்தை இவரே நீட்டினார். முழுப் பேப்பரும் போன பிறகு சீது இவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, மேலே தடவிக்கொண்டே போனான். சட்டை. பொத்தான். கழுத்து. மூன்று நாள் ரயிலில் வந்த முகம், ஷவரம் செய்துகொள்ளவில்லை. உள்ளங்கையை அந்தத் தாடி மயிரில் மேலும் கீழும் தேய்த்தான். தேய்த்துவிட்டுச் சிரித்தான். வாய்விட்டு.

இவர் கை இரண்டும் பாயில் ஊன்றியபடியே இருந்தன. "விழுந்துடுவான், பிடிச்சுக்கோங்கோ" என்றேன். அப்புறம்தான் பிடித்துக்கொண்டார்.

அக்டோபர் 20

இவர் சொன்னது: "எடுத்தா என்ன பண்றதுன்னு தெரியலே, அனந்தா. கண்ணைப் பாத்துதானே குழந்தையோட பேசுவா. நேக்கு வேற பாஷை தெரியாதே."

"நேக்கும் தெரியாது. அவனைக் கேட்டுக் கேட்டுத்தான்" என்றேன்.

அக்டோபர் 27

டில்லிக்குத் தனியே போனார். ஹௌராவுக்கு நாங்கள் போகவில்லை. புறப்படும்போது சீதுவின் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். அன்று காலை ஷவரம் செய்துகொண்டிருந்தார். சீது ஏமாந்துபோய்க் கையை எடுத்துக்கொண்டான். இவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்கவேண்டும்.

நவம்பர் 21

தந்தி. காமுதான் பயந்துகொண்டே வாங்கி வந்தாள். இங்குள்ள கணக்கு ஆபீஸில் இருக்கும் ஒரு பஞ்சாபிக்காரர் டில்லிக்குப் போகத் துடித்துக்கொண்டிருந்தாராம். இவர் அவரோடு இடம் மாற்றிக்கொண்டாராம். பதவி ஒரு படி கீழே. இவர் என்னைக் கேட்கவில்லை. நானும் கேட்கச் சொல்லவில்லை.

காமு என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் தோளுக்கு மேலாக, துணி காய்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 22, ஞாயிறு

கடைத்தெருவில் கமலா ஆரஞ்சு வந்துவிட்டது. இவர் ஒரு கூடை வாங்கிவந்தார். டில்லியிலிருந்து இவர் வந்து இரண்டு வாரமாகிறது, ஆபீஸ் விட்டதும் நேரே வீடு.

நான் அடுப்படியில். இவர் கூடத்தில் தரையில் உட்கார்ந்து ஆரஞ்சை உரித்தார். தோலை மடித்துச் சீதுவின் மூக்கருகே ஒரு பிழி. அவனுக்குத் தும்மல். இவர் சிரித்தார், அவன் தோலைக் கேட்டுக் கையை நீட்டினான். சுளையை நசுக்கினான், சாறு முழங்கைவரை. விதையை இவர் முன்னாலேயே எடுத்துவிட்டிருந்தார். நான் சொல்லித்தரவில்லை.

சாப்பாட்டு நேரம். "சீது, வா" என்று அடுப்படி வாசலில் நின்று கூப்பிட்டேன். என் குரலுக்கு வராமல் இருந்ததே இல்லை. இவர் வேறொன்றும் செய்யவில்லை, அடுத்த பழத்தில் நகத்தை ஊன்றினார், அவ்வளவுதான். சீது என் பக்கம் பாதி திரும்பினவன், அப்படியே மறுபடி அவர் பக்கம் போய், மடியில் ஏறிக்கொண்டான்.

எனக்கு முகமெல்லாம் சூடு. இத்தனை மாதம் எடுக்காதவர், பேப்பருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்! நான்தானே மாவு பிசைந்தேன், பை தைத்தேன், தரையெல்லாம் இழைந்தேன். அவர் ஒரு பழத்தை உரித்தார், அவன் போய்விட்டான். அவனைப் பிடுங்கி இடுப்பில் வைத்துக்கொள்ளவேண்டும்போல் இருந்தது. இது என்ன, இது என்ன என்று அங்கேயே நின்றேன். பொறாமை. பொறாமைதான், வேறென்ன. பேர் ஞாபகம் வரவே சற்று நேரமாயிற்று.

அதற்குள் சாதம் அடிப்பிடித்துவிட்டது. "என்ன தீயறது?" என்று இவர் கேட்டார். "உங்களுக்கென்ன, மடியில பிள்ளை, கையில பழம்! ஒருத்தி இங்க வெந்துண்டிருக்கேன்!" என்று கத்தினேன்.

கீழ்வீடுவரை கேட்டிருக்கும். கேட்கட்டும்.